கியூபிட் கணக்கும் காகிதக் கணக்கும்

தமிழ்நாட்டில் துகள் இயற்பியல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் மலைதான். நியூட்ரினோ ஆய்வகத்துக்காக 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மலையைக் குடையலாமா கூடாதா என்ற போராட்டத்திலும் வழக்கிலும் பிறகு வந்த ஆண்டுகள் கழிந்தன. அதில் நியாயம் எந்தப் பக்கம் என்பது வேறு கட்டுரைக்குரிய விஷயம். ஆனால் அந்தச் சர்ச்சை நம் மனத்தில் ஓர் எண்ணத்தை ஊன்றிவிட்டது: துகள்களை ஆராய ஆயிரம் கோடிகளும் ராட்சத எந்திரமும் வேண்டும். ஜெனிவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவில் புதைந்திருக்கும் மோதுவியைப் பார்த்தால் அது பொய் என்றும் சொல்ல முடியாது. இப்போது குவாண்டம் கணினி பற்றிய பேச்சும் இதே தடத்தில்தான் போகிறது. குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட் யாரிடம் எத்தனை என்பதே கேள்வி. 2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அரசு ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் இயக்கத்தின் மதிப்பு 6,003.65 கோடி ரூபாய். எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட் வரை கொண்ட கணினிகளை உருவாக்குவது அதன் இலக்குகளில் ஒன்று. கியூபிட்டை எண்ணி முன்னேற்றத்தை அளப்பதில் பாதி உண்மை மட்டுமே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். குவாண்டம் கணினியில் துகள்களின் இயக்கத்தை நிகழ்த்திப் பார்க்கும் துறையில் இதுவரை கிடைத்த பெரிய வெற்றிகள் எல்லாம், கணக்கை எப்படி எழுதுவது என்று காகிதத்தில் யோசித்தவர்களால் வந்தவை. அந்த யோசனையில் சென்னைத் தரமணிக்கும் பங்குண்டு.

முதலில் சிக்கல் என்னவென்று பார்த்துவிடலாம். புரோட்டானுக்குள் மூன்று குவார்க்குகள் இருப்பதாகப் பாடப்புத்தகம் சொல்கிறது. அந்த மூன்றின் நிறைகளைக் கூட்டிப் பார்த்தால் புரோட்டான் நிறையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் தேறும். மீதி எல்லாம் குவார்க்குகளின் ஓயாத அசைவிலும், அவற்றைக் கட்டிவைத்திருக்கும் குளுவான் புலத்தின் ஆற்றலிலும் அடங்கியிருக்கிறது. அதாவது நம் உடம்பின் எடையில் பெரும்பகுதி, பொருளின் எடை என்பதைவிட விசையின் எடை. இந்த விசையை விளக்கும் சமன்பாடுகள் 1970களின் தொடக்கத்திலேயே கைக்கு வந்துவிட்டன. ஆனால் அவற்றை நேரடியாகத் தீர்க்க யாராலும் முடியவில்லை. 1974இல் அமெரிக்க இயற்பியலாளர் கென்னத் வில்சன் ஒரு வழி காட்டினார். வெளியையும் காலத்தையும் தொடர்ச்சியாகக் கொள்ளாமல், புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட கட்டங்களாக்கிவிட்டால், கணினியிடம் கொடுக்கலாம். குவார்க்குகள் புள்ளிகளில் அமரும், விசைப்புலம் கோடுகளில் ஓடும். லாட்டிஸ் கேஜ் கோட்பாடு என்று பெயர். இந்த வழியில் போய் 2008இல் ஐரோப்பிய ஆய்வாளர் குழு ஒன்று புரோட்டான் உள்ளிட்ட துகள்களின் நிறையைச் சமன்பாட்டிலிருந்தே சில விழுக்காட்டுத் துல்லியத்தில் கணக்கிட்டுக் காட்டியது. இருபதாம் நூற்றாண்டு இயற்பியலின் நீண்ட தவங்களில் ஒன்று அங்கே பலித்தது.

ஆனால் இந்த வெற்றிக்குக் கொடுத்த விலையைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. கணினியில் ஓட்டுவதற்காகக் காலத்தைக் கற்பனை எண்ணாக மாற்றும் கணிதத் தந்திரம் ஒன்றைக் கையாள்கிறார்கள். அப்படி மாற்றினால் புலத்தின் ஒவ்வோர் அமைப்புக்கும் நேர்மறையான எடை ஒன்று கிடைக்கும். கருத்துக்கணிப்பில் எல்லா வாக்காளர்களையும் கேட்காமல் மாதிரிகளை எடுப்பதுபோல், எண்ணற்ற அமைப்புகளிலிருந்து முக்கியமானவற்றை மட்டும் எடுத்துச் சராசரி காணலாம். நிறை போன்ற நிலையான பண்புகளுக்கு இது போதும். ஆனால் காலமே கணக்கிலிருந்து வெளியேறிவிட்டதே! இரண்டு புரோட்டான்கள் மோதியபின் அடுத்த கணம் என்ன நடக்கிறது, பிய்த்தெறியப்பட்ட குவார்க் எப்படி நொடிக்குள் புதிய துகள்களின் தாரையாக மாறுகிறது என்பவற்றுக்கு அந்த முறையில் விடை இல்லை. உண்மையான காலத்துக்குத் திரும்பினால் எடைகள் கூட்டலும் கழித்தலுமாக ஊசலாடி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மாதிரி எடுத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். குறிச் சிக்கல் எனப்படும் இதற்குப் பொதுவான தீர்வு சாதாரணக் கணினியில் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதை மத்தியாஸ் ட்ராயரும் உவே-யென்ஸ் வீஸேயும் 2005இல் கணிதரீதியாகக் காட்டினார்கள்.

இதே குறிச் சிக்கல் நியூட்ரான் விண்மீனின் உட்பகுதியைப் போன்ற அடர்ந்த பொருளைக் கணக்கிடும்போதும் குறுக்கே நிற்கிறது. மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் ராஜீவ் கவாயும் சௌரேந்து குப்தாவும் அடர்த்தி பூஜ்ஜியமாக இருக்கும் இடத்திலிருந்து தொடர்விரிவு செய்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும் வழியை 2000களில் வகுத்தார்கள். புத்திசாலித்தனமான சுற்றுவழி, ஆனால் ஓரளவு தூரம்தான் போகும். மோதல்களின் நிலை இதைவிடச் சங்கடமானது. ஜெனிவா மோதுவியின் முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்க உலகெங்கும் பயன்படும் மென்பொருள்களில் ஒன்றின் பெயர் பிதியா. டெல்ஃபி கோயிலில் குறி சொன்ன பூசாரிணியின் பெயர் அது. வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று தெரிகிறது. ஏனென்றால் குவார்க்கிலிருந்து துகள்கள் உருவாகும் கடைசிக் கட்டத்தை அந்த மென்பொருள் அடிப்படைச் சமன்பாட்டிலிருந்து கணக்கிடுவதில்லை. ஸ்வீடனின் லுண்ட் நகரில் உருவான ஒரு மாதிரியை வைத்து, சோதனைத் தரவுக்குப் பொருந்தும்படி எண்களைத் திருகி வைக்கிறது. நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பொருந்துவது வேறு, விளங்குவது வேறு.

இங்கேதான் குவாண்டம் கணினி வருகிறது. இயற்கை குவாண்டம் விதிப்படி நடக்கும்போது அதைப் போலச் செய்யும் கணினியும் அவ்விதிப்படியே அமைய வேண்டும் என்று ரிச்சர்ட் ஃபெயின்மன் 1981இல் ஓர் உரையில் வாதிட்டார். கணக்கு எளிது. இரு நிலை கொண்ட 50 உறுப்புகளின் குவாண்டம் நிலையைச் சாதாரணக் கணினியில் எழுதிவைக்க ஆயிரம் லட்சம் கோடிக்கும் மேற்பட்ட எண்கள் தேவை. ஓர் உறுப்பு கூடினால் அது இரட்டிப்பாகும். குவாண்டம் கணினியிலோ 50 உறுப்புக்கு 50 கியூபிட் போதும். காலத்தைக் கற்பனையாக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கியூபிட்டுகள் தாமாகவே உண்மையான காலத்தில் நகர்கின்றன. 1996இல் சேத் லாய்டும், 2012இல் ஸ்டீபன் ஜோர்டான், கீத் லீ, ஜான் பிரெஸ்கில் ஆகியோரும் இந்த எண்ணத்துக்கு முறையான வடிவம் தந்தார்கள். துகள் மோதலையே குவாண்டம் கணினியில் நியாயமான நேரத்தில் நிகழ்த்திக்காட்டலாம் என்பது அந்த 2012 கட்டுரையின் முடிவு.

இதைப் படிப்பவர் அப்படியானால் கியூபிட்டைப் பெருக்குவதுதானே வேலை என்று கேட்கலாம். அங்கே ஒரு பொறி இருக்கிறது. துகள் இயற்பியலின் விசைகளெல்லாம் கேஜ் கோட்பாடுகள். அவற்றில் புலமும் மின்னேற்றமும் தம் விருப்பப்படி இருக்க முடியாது; கல்லூரி மின்னியலில் படிக்கும் காஸ் விதி ஒவ்வொரு புள்ளியிலும் நிறைவேற வேண்டும். ஒரு புள்ளியிலிருந்து வெளியேறும் புலக்கோடுகளுக்கும் அங்கு நுழைபவற்றுக்கும் உள்ள வித்தியாசம் அங்கிருக்கும் ஏற்றத்துக்குச் சமமாக இருந்தாக வேண்டும். கியூபிட்டுகளுக்கு இந்த விதி தெரியாது. வழக்கமான முறையில் கணக்கை அவற்றின்மேல் எழுதினால், அவை தாங்கக்கூடிய நிலைகளில் மிகப் பெரும்பாலானவை இயற்கையில் இல்லாத, விதி மீறிய நிலைகள். கட்டங்கள் பெருகப் பெருக இந்த வீண் பகுதியின் பங்கு மடங்குக் கணக்கில் ஏறும். விலையுயர்ந்த கியூபிட்டுகள் இல்லாத உலகங்களைச் சுமந்துகொண்டிருக்கும். எந்திரத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் கணக்கு அந்த இல்லாத உலகத்துக்குள் வழுக்கி விழும். கியூபிட்டைக் கூட்டுவதால் இது குறையாது.

2016 ஜூனில் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கிலிருந்து வந்த முதல் வெற்றியை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். ரைனர் பிளாட், பீட்டர் ஸோலர் ஆகியோரின் குழுக்கள் ஷ்விங்கர் மாதிரி என்ற எளிய கோட்பாட்டை எடுத்துக்கொண்டன. ஒரே ஒரு வெளிப் பரிமாணத்தில் வாழும் மின்காந்தவியல் அது; ஜூலியன் ஷ்விங்கர் அதை முன்வைத்தது 1962இல். வெற்றிடத்திலிருந்து எலக்ட்ரானும் பாசிட்ரானும் இணையாகத் தோன்றி மறைவதை அவர்கள் கணினியில் காலப்போக்கில் பின்தொடர்ந்தார்கள். பயன்படுத்தியது எத்தனை கியூபிட் தெரியுமா? நான்கு. மின்புலத்தால் கட்டிவைக்கப்பட்ட நான்கு கால்சியம் அயனிகள். இது எப்படி முடிந்தது என்றால், ஒரு பரிமாணத்தில் காஸ் விதியைக் காகிதத்திலேயே தீர்த்துவிடலாம். ஏற்றங்கள் எங்கே என்று தெரிந்தால் புலம் என்னவென்று தானாகத் தெரிந்துவிடும். எனவே புலத்தைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அதற்கு ஈடாகத் தொலைவிலுள்ள ஏற்றங்கள் நேரடியாக ஒன்றையொன்று உணரும் சிக்கலான கணக்கு வந்து சேர்ந்தது. அயனிகளோ ஒரே அதிர்வைப் பகிர்ந்துகொள்பவை, எட்ட நின்றும் பேசிக்கொள்பவை; அந்தச் சிக்கல் அவற்றுக்குப் பொருட்டே இல்லை. எந்திரத்தின் குணமறிந்து கணக்கை எழுதியவர்களுக்கு நான்கு கியூபிட்டே போதுமாயிருந்தது.

ஒரு பரிமாண மின்காந்தவியலில் எளிதாக முடிந்தது, குவார்க்குகளைக் கட்டும் விசையில் எளிதாக முடியாது. அந்த விசையில் ஏற்றம் ஒரே வகையாக இல்லை. நிறம் என்று சொல்லப்படும் பல வகைகள். அவற்றுக்கான காஸ் விதிகளும் பல. ஒன்றை அளந்தால் மற்றொன்று கலைந்துபோகும் இயல்புடையவை. இங்கேதான் தரமணி நுழைகிறது. அல்லாடி ராமகிருஷ்ணன் முயற்சியில் 1962 ஜனவரியில் பிறந்த கணித அறிவியல் நிறுவனம் (ஷ்விங்கர் மாதிரிக்கும் அதற்கும் ஒரே வயது!) பெரிய எந்திரம் எதுவுமில்லாமல் கரும்பலகையை நம்பி வளர்ந்த இடம். எந்திரத்தை அறவே ஒதுக்கிய இடமும் இல்லை: 2004இல் என்.டி. ஹரிதாஸ் தலைமையில் அங்கே கப்ரூ என்ற கணினித் தொகுதியை அமைத்தார்கள். சந்தையில் கிடைத்த கணினிகளை 144 கணுக்களாகக் கோத்து, நொடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கணக்கீடுகள் செய்யும்படி ஆக்கி, உலகின் வேகமான 500 கணினிகள் பட்டியலிலும் இடம்பிடித்தார்கள். லாட்டிஸ் கேஜ் கோட்பாட்டுக் கணக்குகளுக்காகவே அது கட்டப்பட்டது. ஆனால் நம் கதைக்கு முக்கியமானது அதே வளாகத்தில் ரமேஷ் அனிஷெட்டி செய்த காகித வேலை. கொல்கத்தாவின் எஸ்.என். போஸ் மையத்து மனு மாத்தூர் 2005இல் ஒரு புதிய எழுத்துமுறையைத் தொடங்கியிருந்தார்: கோடுகளில் ஓடும் புலத்தை அதன் இரு முனைகளிலும் உள்ள எளிய அலைவிகளாகப் பிரித்து எழுதுவது. அனிஷெட்டியும் மாத்தூரும் மாத்தூரின் மாணவி இந்திராக்ஷி ராய்சௌத்ரியும் அதை விரித்தார்கள். பிறகு தரமணிக்கு வந்த ராய்சௌத்ரி 2014இல் அனிஷெட்டியுடன் சேர்ந்து, புலத்தை ஒன்றையொன்று வெட்டாத வளையங்களாக எழுதும் முறையை வெளியிட்டார். அப்போது அவர்கள் குவாண்டம் கணினிக்காக எழுதியவர்கள் அல்ல. கோட்பாட்டைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம்.

அந்த நூலின் மறுமுனை 2020இல் அமெரிக்காவில் வெளிப்பட்டது. மேரிலாந்தில் இருந்த ராய்சௌத்ரியும் ஜெசி ஸ்ட்ரைக்கரும் சேர்ந்து, வளையம்-இழை-ஹாட்ரான் என்ற எழுத்துமுறையை வெளியிட்டார்கள். இதை விளக்க ஐயம்பேட்டைத் தறியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. காஞ்சிபுரம் வட்டாரத்தின் இந்த நெசவூரில் பட்டுப்பாவின் முன் உட்காரும் எவருக்கும் தெரியும்: இழை நடுத்துணியில் காரணமில்லாமல் முடியக் கூடாது. ஒரு கட்டத்துக்குள் எத்தனை இழை நுழைகிறதோ அத்தனையும் வெளியே போக வேண்டும். இல்லையென்றால் கோர்வையிலோ முந்தியிலோ முறையான இடத்தில் முடிய வேண்டும். அறுந்து தொங்கும் இழை பிசகு. காஸ் விதி கேட்பதும் இதுதான். பழைய எழுத்துமுறை எல்லா வகை இழைக் குவியலையும் முதலில் அனுமதித்துவிட்டுப் பிசகுகளைப் பிறகு பொறுக்கி எறியச் சொல்கிறது. புதிய எழுத்துமுறை பிசகில்லாத துணியை மட்டுமே எழுத முடிகிற மொழி. ஒரு பரிமாணத்தில், இரண்டு நிறங்கள் மட்டுமுள்ள எளிய விசைக்கு, ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் போதும்: அப்புள்ளியைக் கடந்துபோகும் வளையங்கள் எத்தனை, இழை ஒன்று அங்கே வந்து முடிகிறதா, ஒன்று அங்கிருந்து தொடங்குகிறதா. முடிவதும் தொடங்குவதும் ஒரே புள்ளியில் நேர்ந்தால் அது ஹாட்ரான், அதாவது குவார்க்குகள் சேர்ந்த துகள். சிக்கலான காஸ் விதிகள் எல்லாம் மறைந்து, பக்கத்துப் புள்ளிகளின் இழை எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும் என்ற ஒரே எளிய நிபந்தனை மிஞ்சுகிறது. 2021இல் ஸோரே தாவூதி, ராய்சௌத்ரி, ஆண்ட்ரூ ஷா மூவரும் பல எழுத்துமுறைகளைச் செலவுக் கணக்குப் போட்டு ஒப்பிட்டபோது இந்த முறை நன்றாகவே தேறியது.

இது இந்தியப் பெருமிதத்துக்காகப் பொறுக்கிய தனி உதாரணம் என்று தோன்றலாம். வெளியே பார்த்தாலும் கதை மாறவில்லை. சியாட்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் சாவேஜின் குழு, ஐபிஎம் நிறுவனத்தின் 133 கியூபிட் கணினியில் 112 கியூபிட்டுகளைப் பயன்படுத்தி, ஷ்விங்கர் மாதிரியில் ஒரு துகள் காலப்போக்கில் பரவுவதை 2024இல் வெளிவந்த ஆய்வில் பின்தொடர்ந்தது. 14 காலப் படிகள். கியூபிட்டுகளை இரண்டிரண்டாக இணைக்கும் செயல்கள் 13,858. அக்கணினியில் இத்தகைய செயல் ஆயிரம் முறை நடந்தால் சில முறை பிழைபோகும். அப்படிப் பார்த்தால் முடிவில் குப்பைதான் வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம் இயற்பியல். ஏற்றங்கள் கட்டுண்டு கிடக்கும் கோட்பாட்டில் ஒரு துகளின் செல்வாக்கு தொலைவில் வேகமாகத் தேய்ந்துவிடும். ஆகவே தொலைதூர இணைப்புகளைத் துணிந்து வெட்டினார்கள். செயல்களின் எண்ணிக்கை சரிந்தது. வெற்றிட நிலையைத் தயாரிக்கும் சுற்றைச் சிறிய கட்டங்களில் சாதாரணக் கணினியிலேயே வடிவமைத்து, அதையே பெரிய கட்டத்துக்கு நீட்டினார்கள். பிழையைக் கழிக்கும் முறையும் அதே வகையான யோசனையில் பிறந்ததே. 2025இல் இரு பரிமாணங்களுக்குப் போன ஆய்வுகளும் அப்படித்தான். இன்ஸ்புருக்கும் கனடாவின் வாட்டர்லூவும் சேர்ந்த குழு, இரண்டு நிலைக்குப் பதில் ஐந்து நிலை வரை ஏற்கும் அயனிகளைப் பயன்படுத்தியது. புலத்தின் இயல்புக்கு அது பொருந்தியது. ஹார்வர்டும் குவேரா நிறுவனமும் இன்ஸ்புருக்கும் இணைந்த மற்றொரு குழு, அணுக்களைத் தக்க வடிவில் அடுக்கியது. பக்கத்து அணுக்கள் ஒன்றாகக் கிளர்ச்சியடையாது என்ற இயற்கைத் தடையே காஸ் விதியின் வேலையைச் செய்துவிட்டது. இரு ஏற்றங்களுக்கிடையே உள்ள இழை அறுந்து புதிய இணை பிறப்பதை அதில் காண முடிந்தது. கூகுள் குழுவும் அதே ஆண்டில் தன் கணினியில் இத்தகைய இழைகளின் அசைவைப் பதிவுசெய்தது.

இவற்றைவிட வலுவான சான்று ஒரு கணக்கில் இருக்கிறது. எதிர்காலத்துப் பிழையற்ற குவாண்டம் கணினியில் குவார்க் விசையை முழுதாக ஓட்ட எவ்வளவு செலவாகும் என்று முன்பு மதிப்பிட்டவர்களுக்கு வந்த எண்கள் மலைக்க வைப்பவை. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மேசன் ரோட்ஸும் அவர் சகாக்களும் காலத்தைச் சிறு படிகளாக நறுக்கும் பழைய முறையை விட்டு வேறு முறையில் கணக்கை எழுதிக் காட்டினார்கள். செலவு சில இடங்களில் 25 பத்தின்மடிகள் வரை குறைந்தது. ஒன்றுக்குப் பின் 25 பூஜ்ஜியங்கள் போட்டால் வரும் எண்ணால் வகுத்தது போல. எந்தத் தொழிற்சாலையும் எந்திரத்தை இத்தனை மடங்கு மேம்படுத்தியதில்லை. சிப்பு தயாரிப்பின் அரை நூற்றாண்டுச் சாதனையும் இதற்குப் பக்கத்தில் வராது. மீதமுள்ள செலவும் இன்றைய எந்திரங்களுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் எது வேகமாக ஏறுகிறது என்பது தெளிவு.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் முதலாவது கடுமையானது. இதுவரை குவாண்டம் கணினி செய்ததையெல்லாம் சாதாரணக் கணினியும் செய்துவிடுமே என்பது. உண்மை. சியாட்டில் குழுவே தன் 112 கியூபிட் முடிவைச் சரிபார்த்தது டென்சர் வலை என்னும் சாதாரணக் கணினி முறையால்தான். 2023 ஜூனில் ஐபிஎம் 127 கியூபிட் கணினியைக் கொண்டு பயனுள்ள கணக்கு ஒன்றைச் செய்துவிட்டதாக அறிவித்தது. சில வாரங்களுக்குள் வேறு குழுக்கள் அதைச் சாதாரணக் கணினியிலேயே செய்து காட்டின. அறிவிப்புகளைக் கேட்டதும் கைதட்டுவோர் இதை நினைவில் வைப்பது நல்லது. ஆனால் டென்சர் வலைகளுக்கு ஓர் எல்லை உண்டு. உறுப்புகள் ஒன்றோடொன்று குவாண்டம் முறையில் பின்னிக்கொள்ளும் அளவு குறைவாக இருக்கும்வரைதான் அவை ஓடும். ஒரு பரிமாணம், குறுகிய காலம், மெல்லிய மோதல் என்றால் பின்னல் குறைவு. ஆற்றல் மிக்க மோதலில், அதுவும் இரண்டு மூன்று பரிமாணங்களில், பின்னல் காலத்தோடு பெருகிக்கொண்டே போகும். தேவையான நினைவகமும் மடங்குக் கணக்கில் வீங்கும். நமக்கு விடை தெரியாத கேள்விகள் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. எனவே இன்றைய சோதனைகள் விடை தெரிந்த வினாத்தாளை எழுதிப் பழகுவது போன்றவை என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: எந்திரமே இல்லாமல் எழுத்துமுறை மட்டும் வைத்து என்ன செய்வது? இதில் நியாயம் உண்டு, ஒரு பகுதி ஒப்புக்கொள்கிறேன். இன்ஸ்புருக்கில் கோட்பாட்டாளரும் சோதனையாளரும் ஒரே ஊரில் இருந்ததால்தான் அயனியின் குணமறிந்து கணக்கை எழுத முடிந்தது. எந்திரத்தைத் தொடாதவர் எழுதும் முறை எந்திரத்துக்குப் பொருந்தாமல் போகலாம். சென்னை ஐஐடி 2022 செப்டம்பரில் ஐபிஎம் குவாண்டம் வலையமைப்பில் சேர்ந்தது இந்த வகையில் பயனுள்ள செயல். தொலைவிலிருந்தே எந்திரத்தில் ஓட்டிப் பார்க்கலாம். மும்பையில் டாடா ஆய்வு நிறுவனமும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பும் 6 கியூபிட் கணினியைச் சோதித்தன. பெங்களூரின் கியூபைஏஐ நிறுவனம் 2025இல் 25 கியூபிட் கணினியை வெளியிட்டது. அமராவதியில் 156 கியூபிட் ஐபிஎம் கணினி ஒன்று நிறுவப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. இவை வேண்டாம் என்பதல்ல என் வாதம். எந்திரத்துக்கும் எழுத்துக்கும் இடையே போகும் பாதை இருவழி என்பதை மறக்க வேண்டாம் என்பதே. 2024 டிசம்பரில் கூகுளின் 105 கியூபிட் வில்லோ சிப்பு, பிழைதிருத்தத்துக்காகக் கியூபிட்டுகளைக் கூட்டக் கூட்டப் பிழை குறைவதைக் காட்டியது. அதன் அடியிலுள்ள பிழைதிருத்த முறையின் வேர் எங்கே இருக்கிறது? 1997இல் அலெக்ஸி கிட்டாயெவ் வகுத்த டோரிக் குறியீட்டில். அது வேறொன்றுமில்லை, ஃபிரான்ஸ் வெக்னர் 1971இல் எழுதிய மிக எளிய லாட்டிஸ் கேஜ் கோட்பாட்டின் மறுவடிவம். அங்கே காஸ் விதி மீறப்படும் புள்ளிதான் பிழை நேர்ந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கணினிக்காக எழுதப்படாத கோட்பாடு கணினியையே காப்பாற்ற வந்திருக்கிறது.

மூன்றாவது மறுப்பை ஐயம்பேட்டையிலிருந்து எழுப்பலாம். கைத்தறியை நம்பிய ஊரில், குவார்க்கின் அசைவைக் கணக்கிடுவதால் எந்த நெசவாளிக்கு என்ன பயன்? நேரடியாக எதுவுமில்லை. குவாண்டம் கணினி விவசாயியின் வயலையும் நோயாளியின் மருந்தையும் உடனே மாற்றப்போவதாக விளம்பரம் செய்பவர்கள் செய்யும் தவறை இங்கே நான் செய்ய விரும்பவில்லை. ஆனால் செலவு பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் இருக்கிறது. மேலே சொன்ன பெரும் தாவல்களில் பல, சம்பளமும் கரும்பலகையும் நூலகமும் சில இளம் ஆய்வாளர்களுக்குச் சில ஆண்டுகள் நிம்மதியும் தந்தால் கிடைப்பவை. மலையைக் குடைய வேண்டாம், நிலம் கையகப்படுத்த வேண்டாம். ஏழை நாட்டுக்கு அடிப்படை ஆய்வு எதற்கு என்று கேட்பவர் முதலில் குறிவைக்க வேண்டியது இந்த மலிவான பகுதியை அல்ல.

நடைமுறையில் என்ன நடக்கிறது? தேசிய இயக்கத்தின் நான்கு மையங்களில் கணினிக்கானது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும், தகவல்தொடர்புக்கானது சென்னை ஐஐடியிலும் அமைந்தன. உணர்விகளுக்கானது மும்பைக்கும், பொருள்களுக்கானது தில்லிக்கும் போயின. துகள் இயக்கத்தைக் கணிப்பதற்கென்று தனிப் பிரிவு இல்லை. இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவும் தேவையில்லை. ஆனால் கியூபிட் எண்ணிக்கையை இலக்காக அறிவித்துவிட்டால், நிதியும் நியமனமும் அந்த எண்ணைக் கூட்டுவோர் பக்கமே சாயும். எண்ணைக் குறைப்பவருக்கு இலக்குப் பட்டியலில் இடமில்லை. நான்கு கியூபிட்டில் முடிந்த கணக்கை நாற்பதில் செய்தவருக்கு அதிக மதிப்பெண் கிடைக்கும் விநோதம் அதில் உண்டு. ஒரே கணக்கை ஓட்ட எத்தனை கியூபிட்டும் எத்தனை செயலும் போதும் என்று ஆண்டுதோறும் அளந்து, அந்த எண் இறங்குவதையும் முன்னேற்றமாகப் பதிவுசெய்யலாம். சென்னை ஐஐடியின் பிரபா மண்டயம் போன்றவர்கள், எந்திரத்தில் எந்த வகைப் பிழை வருகிறதோ அதற்கேற்பவே பிழைதிருத்தத்தை வடிவமைக்கும் வழிகளை ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் வேலைக்கும் தரமணியில் தொடங்கிய வேலைக்கும் இடையிலான தூரம், ஊரின் வரைபடத்தில் மட்டுமல்லாமல் கணிதத்திலும் அதிகமில்லை.

செய்ய வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. இரண்டு நிறங்களுக்கு எழுதிய இழை மொழியை, இயற்கையில் உள்ள மூன்று நிறங்களுக்கு ஒரு பரிமாணத்தில் விரித்துக் காட்டிய கட்டுரை 2023இல் வந்தது; சௌரவ் கதம், கோவாவில் பிட்ஸ் பிலானி வளாகத்தில் இப்போது பணிபுரியும் ராய்சௌத்ரி, ஸ்ட்ரைக்கர் மூவரும் எழுதியது. நாம் வாழும் மூன்று பரிமாணங்களில் ஒவ்வொரு புள்ளியிலும் ஆறு கோடுகள் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பை மூன்று கோடுகள் கூடும் சிறு சந்திப்புகளாகப் பிரித்து ஒவ்வொன்றாக எழுதும் வேலை தொடங்கியிருக்கிறது. மூன்று நிறங்களுக்கு அந்தச் சிறு சந்திப்பு ஒன்றிலேயே இழைகளை எண்ணுவது மட்டும் போதாமல், எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் வேறுபடும் நிலைகளைப் பிரித்தறிய கூடுதலாக ஓர் அடையாளமும் தேவைப்படுகிறது. அதை எந்த வடிவில் எழுதினால் கியூபிட்டுகளுக்கு மலிவாக முடியும் என்பதே இப்போது கரும்பலகையில் இருக்கும் கணக்கு.